லுவாங் பிரபாங்: முதல் நாளை எப்படிச் செலவிடலாம்?

கேட்பவர்: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். வருகிற சனவரியில் நானும் என் அம்மாவும் லாவோஸ் செல்கிறோம். வியஞ்சானிலிருந்து ரயிலில் கிளம்பி மாலையில் லுவாங் பிரபாங் வந்து சேருவோம். மறுநாள் முழுவதையும் ஊருக்குள் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அதற்கடுத்த நாள் குவாங் சி அருவி. நான் கேட்பது அந்த முதல் நாளைப் பற்றி மட்டுமே.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், விடியற்காலையில் பிக்குகளுக்கு அன்னமிடுவது, காலைச் சந்தை, அரண்மனை, ஐந்தாறு விகாரைகள், பூசி மலை, மேகோங்கில் படகு, மூங்கில் பாலம், இரவுச் சந்தை என்று நீண்டுகொண்டே போகிறது. இத்தனையையும் ஒரே நாளில் திணித்தால் எதுவுமே மனத்தில் நிற்காது என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. சமதரையில் நன்றாகவே நடப்பார். முழங்கால் வலி இருப்பதால் படியேறுவதுதான் சிரமம். கோயில் என்றால் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவசரப்படுத்தினால் கோபம் வந்துவிடும். இருவரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை.

இவற்றுள் எதை விட்டுவிடலாம், எதை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மேகோங் மணல்

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாக வியஞ்சானில் இருந்தவன் என்ற முறையில் அந்த ஊர் எனக்குப் பழக்கம். உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி: பழைய நகரம் என்பது மேகோங்கும் நாம் கான் ஆறும் கூடுமிடத்தில் நாக்குப் போல நீண்டிருக்கும் நிலம். அதன் நடுவே ஒரே ஒரு பெரிய தெரு. இரு பக்கமும் சந்துகளில் இறங்கினால் ஒரு புறம் ஓர் ஆறு, மறுபுறம் இன்னோர் ஆறு. தெரு சமதரை, பேருந்துகளுக்கும் சரக்குந்துகளுக்கும் அனுமதி இல்லை. ஆகவே நீங்கள் தங்குமிடத்தை இந்த நாக்குக்குள் எடுத்துக்கொண்டால், முதல் நாள் முழுவதும் துக்துக் பேரம் பேசாமலேயே நடந்து முடித்துவிடலாம். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அம்மாவோடு செல்லும்போது அது வீண்செலவு அல்ல, ஏனெனில் மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போட முடியும்.

நாளின் வரிசையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அரண்மனை அருங்காட்சியகம் நண்பகலில் மூடப்படுகிறது, வெகுகாலமாக 11.30க்கு மூடி 1.30க்குத் திறப்பதே அவர்கள் வழக்கம். மற்றொன்று, வாட் சியெங் தோங் விகாரையின் பின்சுவரில், ஒரு மரத்தின் உருவத்தைக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்த புகழ்பெற்ற ஓவியம் மேற்கு நோக்கியது. காலையில் போனால் அது நிழலில் மங்கிக் கிடக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேராக விழும்போதுதான் அந்தக் கண்ணாடித் துண்டுகள் விழித்துக்கொள்கின்றன. பெரும்பாலான பயணத் திட்டங்கள் சியெங் தோங்கைக் காலையில் முதலாவதாக வைத்துவிட்டு அரண்மனையைக் கடைசியில் தள்ளுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். விடியலில் எழுந்தால் காலைச் சந்தையைப் பாருங்கள். ஆற்றுப்பாசி, வாழைப்பூ, காட்டுக் கீரைகள், உயிருள்ள தவளைகள், உலர்ந்த எருமைத்தோல் என்று தரையில் பாய் விரித்துப் பரப்பியிருப்பார்கள். இறைச்சிப் பகுதியை அம்மா தவிர்க்க விரும்பினால் வேறு பக்கமாகத் திரும்பிவிடலாம். சிற்றுண்டி முடித்து எட்டு மணி அளவில் அரண்மனை. அதை ஒட்டியே வாட் மாய் என்ற விகாரை இருக்கிறது. பதினொன்றுக்குள் இவ்விரண்டும் முடிந்துவிடும். பிறகு சாப்பாடு, ஓய்வு. மூன்று மணிக்குச் சியெங் தோங். அங்கிருந்து சில நிமிட நடையில் இரண்டு ஆறுகளும் கூடும் முனை. பிறகு மேகோங் கரைச் சாலையில் எங்காவது உட்கார்ந்துவிட்டால் சனவரியில் ஆறு மணிக்குச் சற்று முன்னதாகவே சூரியன் எதிர்க்கரை மலைகளுக்குப் பின்னால் இறங்கிவிடும். இரவுச் சந்தை அரண்மனை வாசல் தெருவிலேயே விரிகிறது.

பூசி மலையை விட்டுவிடுங்கள். அரண்மனைக்கு எதிரே தொடங்கும் பாதையில் 328 படிகள். உச்சியில் 1804இல் கட்டிய சிறிய தூபி, அதைச் சுற்றி மாலை நேரத்தில் செல்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் கூட்டம். அம்மாவின் முழங்கால் அந்த விலைக்குத் தகாது.

பதில்: வரலாற்று வாத்தியார்

முன்னவர் சொன்ன வரிசையை நான் அப்படியே வழிமொழிகிறேன். பார்க்கப் போகும் இடங்களைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். உங்கள் அம்மா நிதானமாகப் பார்ப்பவர் என்பதால் இவை பயன்படக்கூடும்.

ஊருக்குப் பெயர் தந்தது பிரபாங் என்னும் புத்தர் சிலை. 83 செ.மீ. உயரமுள்ள நின்ற திருக்கோலம்; இரு கைகளும் அபய முத்திரையில் முன்னோக்கி உயர்ந்திருக்கும். அது இலங்கையில் வார்க்கப்பட்டுக் கம்போடியா வழியாக வந்தது என்பது லாவோ மக்களின் மரபு நம்பிக்கை. கலை வரலாற்றாசிரியர்களோ அதன் பாணியைக் கெமெர், அதாவது பழைய கம்போடியப் பாணி, என்கிறார்கள். 1353இல் ஃபா ங்கும் நிறுவிய லான் சாங் அரசின் காவல் தெய்வமாகவே அது கருதப்பட்டது. பின்னர் சயாமிய (இன்றைய தாய்லாந்து) படைகள் அதைக் கொண்டு போனதும் திரும்பக் கொடுத்ததும் ஒரு தனிக் கதை. இன்று அது அரண்மனை வளாகத்தின் நுழைவாயிலருகே, வலப்புறம் உயரமாகத் தெரியும் பொன்னிறக் கோயிலில் இருக்கிறது. பலர் நேராக அரண்மனைக்குள் போய்விட்டுக் களைத்துத் திரும்பும்போது அதை எட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் அதைத் தரிசித்துவிட்டே உள்ளே செல்லுங்கள்.

அரண்மனை பழையது அன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1904இல் சிசவாங் வோங் மன்னருக்காகக் கட்டத் தொடங்கியது. மன்னரைக் காண வருபவர்கள் படகிலிருந்து இறங்கி நேரே வந்துவிட வேண்டும் என்பதற்காக ஆற்றருகே இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். அரியணை மண்டபத்தின் சிவந்த சுவர்களில் கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த மனிதர்களும் யானைகளும் ஊரின் திருவிழாக்களும் இருக்கின்றன. அதைக் கடந்து பின்பக்கம் சென்றால், அரச குடும்பத்தினர் உறங்கிய அறைகளின் எளிமை எதிர்பாராததாக இருக்கும். 1975 திசம்பரில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது; கடைசி மன்னர் சவாங் வத்தனா 1977இல் வடகிழக்குப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகைகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சியெங் தோங்குக்கு வருவோம். 1560ஐ ஒட்டிச் செத்தாதிராத் மன்னர் கட்டியது. 1887இல் வடக்கிலிருந்து வந்த கருங்கொடிப் படையினர் நகரைச் சூறையாடி எரித்தபோது தப்பிய மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே நீங்கள் பார்ப்பது உண்மையிலேயே பழைய கட்டடம். அதன் கூரை அடுக்கடுக்காகச் சரிந்து ஏறக்குறைய தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். பின்சுவர் மர ஓவியம் மட்டும் 1960 வாக்கில் செய்யப்பட்டது: செம்மண் நிறப் பின்னணியில் ஒரு பெருமரம், கிளைகளில் மயில்கள், அடியில் விலங்குகள். பக்கவாட்டுச் சுவரில் ஒரு யானைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் உள்ளே புத்தர் சிலைகளை நீராட்டும்போது அந்த நீர் இதன் வழியாக வெளியேறுகிறது. நம் கருவறைகளின் கோமுகி செய்யும் அதே வேலை.

அந்த வளாகத்தில் பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். வாயிலருகே ஒரு தேர்க்கொட்டகை இருக்கிறது. 1959இல் மறைந்த சிசவாங் வோங் மன்னரின் அஸ்திக் கலசங்களைச் சுமந்த பொன்முலாம் பூசிய தேர், முகப்பில் சீறும் பல தலை நாகங்களோடு அப்படியே நிற்கிறது. அந்தக் கொட்டகையின் வெளிச்சுவர் மரப்பலகைகளில் செதுக்கியிருப்பது ராமாயணக் காட்சிகள். லாவோ மக்கள் அந்தக் கதையை ஃபா லாக் ஃபா லாம் என்று தம்பியின் பெயரை முன்வைத்து வழங்குகிறார்கள். யார் சீதை, யார் அனுமன் என்று தேடுவதிலேயே அரைமணி நேரம் போய்விடும். சிறிய செந்நிறக் கோயிலின் வெளிச்சுவர்களையும் விட்டுவிட வேண்டாம். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1957இல் செய்த கண்ணாடி வேலை அது: உழுபவர், மீன் பிடிப்பவர், யானை மீது போகிறவர் என்று ஊர் வாழ்க்கையே விரல் நீள உருவங்களாகச் சிதறிக் கிடக்கும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆற்றுப் பக்கத்திலிருந்து சியெங் தோங்குக்கு ஏறும் படிக்கட்டு அழகானது, ஆனால் செங்குத்தானது. ஊருக்குள் இருக்கும் பெரிய தெருப் பக்கத்து வாயில் வழியாக நுழைந்தால் அம்மா அதில் ஏற வேண்டியதில்லை.

பதில்: கறிவேப்பிலை

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! சைவர்களுக்கு அங்கே சிக்கல் இறைச்சியால் வருவதில்லை, ஏனென்றால் இறைச்சி கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பதேக் என்னும் புளிக்கவைத்த மீன் சாறுதான் பப்பாளிக்காய்ச் சாலட் முதல் காய்கறிக் குழம்பு வரை எல்லாவற்றிலும் நுழைந்துவிடுகிறது. “காய்கறி மட்டும்” என்று கேட்டால் காய்கறி மட்டும் போட்டு, அதன்மேல் இந்தச் சாற்றையும் ஊற்றித்தான் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது சைவத்தைக் கெடுப்பதில்லை. “கின் ஜே” என்று சொன்னால் பௌத்த நோன்புச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். அதோடு “போ சாய் பதேக், போ சாய் நாம் பா” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மீன் சாறு எதுவும் சேர்க்க வேண்டாம் என்று பொருள். முட்டையைத் தனியாகச் சொல்லித்தான் தவிர்க்க வேண்டியிருக்கும்.

அந்த ஊருக்கே உரிய பண்டம் கைப்பேன். ஆற்றுப்பாசியைத் தாளாகத் தட்டி, எள்ளும் பூண்டும் தக்காளி வட்டங்களும் பதித்து வெயிலில் காயவைத்துப் பொரித்துத் தருவார்கள். சைவம்தான், மிகவும் சுவையானது. ஆனால் அதோடு தொட்டுக்கொள்ள வரும் கருஞ்சிவப்பு மிளகாய்ச் சட்டினியான ஜேயோ போங்கில் எருமைத்தோல் துண்டுகள் இருக்கும். கைப்பேனை மட்டும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

காவ் சோய் என்ற நூடுல்ஸ் சூப்பை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். லுவாங் பிரபாங்கில் அது பன்றிக் கொத்துக்கறியோடு வருவது, உங்களுக்கு வேண்டாம். காலையில் தேங்காய்ப்பாலில் அரிசிமாவைக் கரைத்துக் குழிச்சட்டியில் வார்த்துத் தரும் காவ் நோம் கோக் சூடாகக் கிடைக்கும், அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோறும் வதக்கிய கீரையும் மதியத்துக்குப் போதும். நாக்கு மிகவும் செத்துப்போனால் பெரிய தெருவில் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. முதல் நாளே அங்கே போய் உட்கார வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கட்சி.

பதில்: மலையேறி

பூசி மலையை இப்படி ஒரே வரியில் தள்ளுபடி செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நகரம் எப்படி இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். மகள் தனியாகப் போய்வரலாமே? அம்மா மதியம் ஓய்வெடுக்கும் நேரத்தில், அதாவது கூட்டம் சேர்வதற்கு முன்பே, ஏறி இறங்க ஒரு மணி நேரம் போதும். நாம் கான் பக்கத்துப் பாதையில் ஏறினால் வழியில் புத்தர் சிலைகளையும் பாதச்சுவட்டுக் கோயிலையும் பார்த்தபடி மெதுவாகச் செல்லலாம். இறங்கும்போது அரண்மனைப் பக்கம் இறங்குங்கள்.

விடியலில் போகலாமா என்று யோசிக்க வேண்டாம். திசம்பர், சனவரியில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி காலை ஒன்பது, பத்து மணி வரை கலையாது. மேலே நின்றால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றும் தெரியாது. குளிரும் இருக்கும், ஒரு கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள். அதே ஊரில் மார்ச், ஏப்ரலில் காடு எரிக்கும் புகை மூடிக்கொள்ளும் என்பதால் நீங்கள் தேர்ந்த மாதம் சரியானதே.

கேட்பவர்: நொய்யல்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மதியம் நான் மட்டும் மலைக்குப் போய்வரும் யோசனை அம்மாவுக்கும் சம்மதமே. எருமைத்தோல் சட்டினியைப் பற்றிச் சொன்னவருக்குத் தனி நன்றி.

இன்னும் இரண்டு ஐயங்கள். அன்னமிடுவதில் கலந்துகொள்ள வேண்டும் என்று அம்மா மிகவும் விரும்புகிறார். வேடிக்கையாக அல்ல, உண்மையான பக்தியோடுதான். ஆனால் சுற்றுலாப் பயணிகளால் அந்தச் சடங்கே கெட்டுப்போகிறது என்றும் படித்தேன். இரண்டாவதாக, மாலையில் ஆற்றங்கரையில் உட்காருவதற்குப் பதில் படகில் போனால் அம்மாவுக்குச் சிரமம் இராதல்லவா?

பதில்: மேகோங் மணல்

படகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு மறைமுகமான படிக்கட்டு இருக்கிறது. சனவரியில் மேகோங் வெகுவாக இறங்கிவிடும். கரைச் சாலையிலிருந்து நீர்மட்டம் வரை பல படிகள் இறங்கி, பிறகு மணலிலோ பலகையிலோ நடந்துதான் படகில் கால் வைக்க வேண்டும். திரும்பும்போது அந்தி இருட்டில் அத்தனையும் ஏற வேண்டும். மலையைத் தவிர்த்துவிட்டுப் படகுத்துறையில் முழங்காலைப் பணயம் வைப்பதில் பொருளில்லை. படகில் போயே தீர வேண்டும் என்றால், சீட்டு வாங்குவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் அந்தப் படகு கட்டியிருக்கும் துறையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மூங்கில் பாலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துப் போகும் என்பதால் ஆண்டுதோறும் கழற்றிவிட்டு, வறண்ட மாதங்களில் மறுபடி கட்டுவார்கள்; சனவரியில் அது இருக்கும், சிறு கட்டணம் உண்டு, ஆனால் கரையிலிருந்து அதற்கு இறங்கும் வழி சரிவானது.

பதில்: வரலாற்று வாத்தியார்

அன்னமிடுவதைப் பற்றி. பக்தியோடு செய்பவரை ஊரார் மனமார வரவேற்கிறார்கள். அவர்களை நோகடிப்பது இரண்டு விஷயங்கள்: பிக்குகளின் முகத்துக்கு நேரே மின்னொளியோடு படமெடுப்பது, தெருவில் பயணிகளிடம் விற்கும் கண்ட சோற்றை வாங்கிப் பாத்திரத்தில் இடுவது. அந்தச் சோறு தரமற்றது என்ற புகார் நெடுங்காலமாக உண்டு, உண்ணப் போகிறவர்கள் பெரும்பாலும் மலைக் கிராமங்களிலிருந்து படிக்க வந்த சிறு வயதுச் சாமணேரர்கள், அதாவது பயிற்சித் துறவிகள், என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே நீங்கள் ஊர் வந்து சேரும் மாலையிலேயே விடுதி நடத்தும் அம்மையாரிடம் சொல்லிவிடுங்கள். ஒட்டரிசியை இரவு முழுவதும் ஊறவைத்துத்தான் விடியலில் ஆவியில் வேகவைப்பார்கள். காலையில் எழுந்து கேட்டால் கிடைக்காது. பல விடுதிக்காரர்கள் தாங்களே தினமும் அன்னமிடுபவர்கள். அவர்கள் வாசலிலேயே, அவர்கள் விரித்த பாயில், அவர்கள் அருகே அம்மாவை உட்காரவைத்தால் பெரிய தெருவின் கூட்டத்துக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. பெண்கள் மண்டியிட்டு, காலணி கழற்றி, தோளில் ஒரு துணி போட்டுக்கொள்வது வழக்கம். முழங்கால் வலி என்றால் தாழ்வான முக்காலி கொடுப்பார்கள், அதில் தவறில்லை. அன்னம் இடுகிறவர் பிக்குகளைவிட உயரமாகத் தெரியக் கூடாது என்பதே முறை. சோற்றைக் கையால் சிறு உருண்டையாகக் கிள்ளி ஒவ்வொரு பாத்திரத்திலும் இட வேண்டும். பிக்குகளைத் தொடக் கூடாது, பேசவும் கூடாது. வரிசை விரைவாக நகரும். சனவரியில் ஆறு மணிக்கு முன்பின்னாகத் தொடங்கும், ஒரு வாசலில் சில நிமிடங்களுக்குள் கடந்துவிடும்.

நீங்கள் அம்மாவைப் படமெடுக்க விரும்பினால் தெருவின் எதிர்ப்புறம் நின்று, மின்னொளியை அணைத்துவிட்டு எடுங்கள்.

பதில்: கறிவேப்பிலை

இரவுச் சந்தைக்கு ஒரு குறிப்பு. ஹ்மோங் என்னும் மலைவாழ் இனப் பெண்கள் விற்கும் தையல் வேலைப்பாட்டுத் துணிகளுக்கு நடுவே அலுமினியக் கரண்டிகளும் காப்புகளும் குவித்திருப்பார்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது வீசிய இருபது இலட்சம் டன்னுக்கும் மேலான குண்டுகளின் மிச்சத்தை உருக்கி வார்த்தவை என்று சொல்லியே விற்கிறார்கள். வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணியைப் பற்றிய விளக்க மையம் ஒன்றும் ஊரில் இருக்கிறது. அதை முதல் நாளில் சேர்க்க வேண்டாம், அருவிக்குப் போகும் நாளின் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம்.

அரண்மனைக்குள் பையும் காலணியும் வெளியே வைத்துவிட்டுத்தான் செல்ல வேண்டும், படமெடுக்கவும் அனுமதி இல்லை. முழங்காலும் தோளும் மூடிய உடை கட்டாயம். அம்மா புடைவையில் போனால் அந்தக் கவலையே இல்லை. சனவரிக் காலையில் தரை சில்லிடும் என்பதால் அவருக்கு ஒரு சோடி காலுறை கொடுத்து அனுப்புங்கள்.